மெஷின் உண்மையில் எத்தனை நிமிடம் ஓடுகிறது? ஜாப் ஒர்க் பட்டறைக்கு ஒரு செய்முறை

கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூரிலோ ஓசூரிலோ ஆறேழு சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும்) மெஷின் வைத்து, மற்ற கம்பெனிகளின் பீஸ்களைக் கூலிக்குச் செய்துதரும் ஜாப் ஒர்க் பட்டறைகளில், ஷிஃப்ட் ரிப்போர்ட் பெரும்பாலும் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில்தான் எழுதப்படுகிறது. எட்டு மணி நேரத்தில் நடந்ததை ஆப்பரேட்டர் கடைசி ஐந்து நிமிடத்தில் நினைவிலிருந்து எழுதுகிறார். ஒரு மணி நேரம் கரன்ட் போனது அவருக்கு நினைவிருக்கும். நான்கு நிமிடம், ஆறு நிமிடம் என்று பதினைந்து முறை மெஷின் நின்றது நினைவிருக்காது. அந்தப் பதினைந்தையும் கூட்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும்.

மெஷின் ஓடுவதையும் நிற்பதையும் தானாகப் பதிவு செய்யும் சென்சாரும், அதை வைஃபையில் அனுப்பும் சின்ன போர்டும் இன்று ஒரு மெஷினுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். பெரிய தொழிற்சாலைகள் மட்டுமே வைத்திருந்த கணக்கு இப்போது ஆறு மெஷின் பட்டறைக்கும் எட்டும். நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரும் கொஞ்சம் புரோகிராமிங் தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்தால் பொருத்தும் வேலை ஒரு வாரம்தான். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மெஷின் நின்றது என்பதை மட்டுமே சென்சார் சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லக்கூடியவர் மெஷின் பக்கத்தில் நிற்பவர் ஒருவர்தான். அவர் மனம் விட்டுச் சொல்லும்படி பட்டறையை நடத்தாவிட்டால், போட்ட பணம் அத்தனையும் சுவரில் மாட்டிய டிவி ஸ்கிரீனோடு நின்றுவிடும்.

ஒரே மெஷினில் தொடங்குங்கள்

எந்த மெஷினுக்கு முன்னால் ஜாப் குவிந்து கிடக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மெஷின்களில் நேரத்தை மிச்சம் பிடித்தாலும் சரக்கு கடைசியில் இங்கே வந்துதான் காத்திருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன், சூப்பர்வைசர் ஒரு முழு ஷிஃப்ட் அந்த மெஷின் அருகில் நோட்டும் கடிகாரமுமாக இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்ற ஒவ்வொரு முறையும் நேரத்தையும் காரணத்தையும் குறித்துக்கொள்ளட்டும். பின்னால் பட்டன்களில் எழுதப்போகும் காரணங்களின் பட்டியல் இந்த நோட்டிலிருந்துதான் வரும். அலுவலக மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதிய பட்டியல் ஒரு வாரம்கூடத் தாங்காது.

ஆப்பரேட்டர்களிடம் பேச வேண்டியதும் இந்தக் கட்டத்திலேயே. என்ன பொருத்தப்போகிறோம், அது எதைப் பதிவு செய்யும், எதைப் பதிவு செய்யாது, சம்பளத்தோடும் இன்சென்டிவோடும் இதற்குச் சம்பந்தம் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொன்னபடியே நடந்துகொள்ளவும் வேண்டும்.

டவர் லைட்டிலிருந்து சிக்னல்

பெரும்பாலான சிஎன்சிகளில் மூன்று நிற டவர் லைட் இருக்கும். பச்சை எரிந்தால் சைக்கிள் (ஒரு பீஸுக்கான புரோகிராம்) ஓடுகிறது, மஞ்சள் என்றால் காத்திருக்கிறது, சிவப்பு என்றால் அலாரம். மெஷின் தயாரிப்பாளரைப் பொறுத்து இது மாறும் என்பதால் மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கன்ட்ரோலரைத் தொடாமல் மெஷினின் நிலையை அறிய இதைவிட எளிய இடம் இல்லை.

பேனலைத் திறக்கும் முன் மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். டிரைவுக்குள் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருக்கும் கெப்பாசிட்டரில் கரன்ட் இறங்கச் சில நிமிடம் ஆகும். எத்தனை நிமிடம் என்று டிரைவின் லேபிளிலேயே இருக்கும், அதுவரை காத்திருங்கள். மெஷின் வாரன்டியில் இருந்தால் சர்வீஸ் இன்ஜினியரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே பேனலில் கை வைக்க வேண்டும்.

லைட்டின் வோல்டேஜை மல்டிமீட்டரில் பாருங்கள். வழக்கமாக 24 வோல்ட் டிசி வரும். பழைய மெஷின்களில் ஏசியாகவும் இருக்கலாம், அப்போது கீழே சொல்லும் சர்க்யூட் பொருந்தாது. அங்கே அந்த வோல்டேஜுக்கு ஏற்ற காயில் உள்ள ரிலே வைத்து அதன் கான்டாக்டைப் படிக்க வேண்டும்.

சிக்னலைப் படித்து வைஃபையில் அனுப்பப்போவது இஎஸ்பி32 என்ற சின்ன போர்டு. அதன் பின்கள் 3.3 வோல்ட் வரைதான் தாங்கும். 24 வோல்ட் நேரடியாகப் பட்டால் போர்டு அந்த நொடியே போய்விடும். அதனால் நடுவில் பிசி817 ஆப்டோகப்ளர் (இரண்டு பக்கத்தையும் பிரித்து, சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் சின்ன சிப்) வேண்டும், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று. லைட்டுக்கு இணையாக, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஆப்டோவின் எல்இடி பக்கத்தை இணையுங்கள். கிட்டத்தட்ட 5 மில்லிஆம்பியர் ஓடும், கால் வாட் ரெசிஸ்டர் போதும். அதே எல்இடிக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டயோடைத் திருப்பிப் போட்டுவிட்டால் போலாரிட்டி மாறினாலும் ஆப்டோ பிழைத்துக்கொள்ளும். மறுபக்கத்தில் போர்டின் பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் வையுங்கள். லைட் எரியும்போது பின் லோவாகப் படிக்கும். 34 முதல் 39 வரையான பின்களுக்கு உள்ளே புல்அப் (பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. வெளியே ரெசிஸ்டர் வைக்க மறந்தால், மெஷின் நின்றிருக்கும்போதே ஓடுகிறது என்று தான்தோன்றித்தனமாகக் காட்டும்.

சில மெஷின்களில் மஞ்சளோ சிவப்போ மின்னி மின்னி எரியும். புரோகிராமில் இதைக் கவனிக்காவிட்டால் ஒரே நிறுத்தம் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகளாக வந்து குவியும். கடைசி 3 விநாடிக்குள் ஒருமுறை எரிந்திருந்தாலும் எரிவதாக எடுத்துக்கொள்ளுங்கள். நிலை மாறி 5 விநாடி நிலைத்த பிறகே பதிவு செய்யுங்கள், நேரத்தை மட்டும் மாறிய கணத்திலிருந்தே கணக்கிடுங்கள்.

பீஸ் எண்ணிக்கைக்கும் பச்சை விளக்கையே நம்புபவர்கள் உண்டு. நடுவில் ஃபீட் ஹோல்ட் (கட்டிங்கைத் தற்காலிகமாக நிறுத்துவது) போட்டு மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பீஸ் இரண்டாக எண்ணப்படும். ஒரு சைக்கிளுக்குள் பச்சை எரிந்த துண்டு நேரங்களைக் கூட்டி, அது சைக்கிள் டைமை நெருங்கும்போது ஒரு பீஸ் என்று எண்ணினால் பிழை குறையும். எப்படியானாலும் ஷிஃப்ட் முடிவில் மெஷின் கன்ட்ரோலரின் பார்ட்ஸ் கவுன்டரோடு ஒப்பிடுங்கள்.

டவர் லைட் இல்லாத மெஷின்

பழைய லேத், மில்லிங், டிரில்லிங் மெஷின்களுக்கு, ஒயரைச் சுற்றி மாட்டிக் கரன்டை அளக்கும் கிளாம்ப்தான் வழி. எஸ்சிடி-013-030 வகை கிளாம்ப் 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் ஏசி தரும். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்து 1.65 வோல்ட் நடுப்புள்ளி அமைத்தால், சிக்னல் போர்டின் எல்லைக்குள்ளேயே மேலும் கீழும் ஆடும். 32 முதல் 39 வரையான பின்களில் ஒன்றையே பயன்படுத்துங்கள். மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது.

கிளாம்பை மொத்த கேபிளின் மேல் மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மூன்று ஃபேஸும் ஒரே கிளாம்புக்குள் போனால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அளவு பூஜ்யத்துக்கு அருகில் நிற்கும். ஒரே ஒரு ஃபேஸ் ஒயர் மட்டும் உள்ளே போக வேண்டும். மெஷினில் டிரைவ் இருந்தால் அதன் இன்புட் பக்கத்தில் மாட்டுங்கள். அவுட்புட் பக்கத்தில் ஃப்ரீக்வென்சி மாறிக்கொண்டே இருப்பதால் அளவு நம்பும்படி இருக்காது.

மாட்டியதும் ஒரு நாள் முழுக்கப் பதிவு மட்டும் எடுங்கள். பதிவின் வரைபடத்தில் மூன்று படிகள் தெரியும்: ஆஃப், பம்ப்பும் லைட்டும் மட்டும் ஓடும் நிலை, கட்டிங். இரண்டு படிகளுக்கு நடுவே எல்லைக் கோட்டை வையுங்கள். ஃபினிஷிங் கட்டில் லோடு மிகக் குறைவாக இருப்பதால் கட்டிங்கும் சும்மா ஓடுவதும் ஒன்றுபோலத் தெரியலாம். அப்படித் தெரிந்தால் மெயின் கேபிளை விட்டுவிட்டு ஸ்பிண்டில் மோட்டாருக்குப் போகும் ஒயருக்கு (டிரைவ் இருந்தால் அதன் இன்புட் ஒயருக்கு) கிளாம்பை மாற்றுங்கள். ஆம்பியர் துல்லியமாக வர வேண்டிய அவசியம் இல்லை. படிகள் பிரிந்து தெரிந்தால் போதும்.

இதே கிளாம்பை ஏர் கம்ப்ரஸரின் ஒயரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பாருங்கள். எல்லா மெஷினும் நின்றிருக்கும்போது கம்ப்ரஸர் மட்டும் ஓடினால் அது லீக்குக்காகத்தான் ஓடுகிறது. 2 நிமிடம் லோடிலும் (காற்றை அழுத்தும் நிலை) 6 நிமிடம் அன்லோடிலும் (அழுத்தாத நிலை) இருந்தால், 2-ஐ மொத்தம் 8-ஆல் வகுக்க 25 சதவீதம். கம்ப்ரஸரின் காற்றில் கால் பங்கு ஹோஸ் இணைப்புகளிலும் கப்ளிங்குகளிலும் வெளியேறுகிறது என்று பொருள். சோப்புத் தண்ணீரும் ஒரு ஸ்பானரும் கொண்டு அன்றைக்கே பாதியைச் சரிசெய்ய முடியும்.

பவர், வைஃபை, பதிவு

போர்டுக்கான 5 வோல்ட்டை மெஷின் பேனலிலிருந்து எடுக்காதீர்கள். மெஷினை ஆஃப் செய்தால் போர்டும் ஆஃப் ஆகிவிடும். மெஷின் நின்றதா, நெட்வொர்க் போனதா என்று பின்னால் பிரித்துச் சொல்ல முடியாது. லைட்டிங் லைனிலிருந்து தனி அடாப்டர் கொடுங்கள்.

இரும்புப் பேனலுக்குள் வைத்தால் வைஃபை வெளியே வராது. பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, கூலன்ட் தெறிக்காத உயரத்தில் பேனலுக்கு வெளியே மாட்டுங்கள். இஎஸ்பி32 போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் தரும்படி அமைந்திருந்தால் எத்தனை முறை முயன்றாலும் கனெக்ட் ஆகாது.

பதிவுகளை வாங்கிச் சேமிக்க ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டர் ஒன்று போதும். அதில் போர்டுகளின் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் மொஸ்கிட்டோ புரோக்கர், ஒரு டேட்டாபேஸ், வரைபடம் காட்ட கிராஃபானா. மூன்றும் இலவசம். மொஸ்கிட்டோ 2.0 முதலான பதிப்புகள், லிசனரையும் (இணைப்புகளை எங்கே ஏற்பது என்ற அமைப்பு) பாஸ்வேர்டையும் நீங்களே அமைக்காத வரை வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்காது. கனெக்ஷன் மறுக்கப்பட்டால் ஒயரிங்கைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள். எஸ்டி கார்டு திடீர் மின்வெட்டில் கெட்டுப்போகும், அதனால் எஸ்எஸ்டியும் சின்ன யுபிஎஸ்ஸும் சேர்த்து வாங்குங்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து வைக்க வேண்டாம்.

நிலை மாறும்போது மட்டும் செய்தி போகட்டும், நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்ற செய்தியும் போகட்டும். வைஃபை போன நேரத்தில் பதிவுகளைப் போர்டிலேயே சேமித்து, நேரக் குறிப்போடு பின்னால் அனுப்பும்படி புரோகிராம் எழுதுங்கள்.

ஏன் நின்றது

இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் காரணம் கேட்கும் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். பதிலுக்கு மெஷின் அருகே ஒரு பட்டன் பெட்டி. மொபைல் ஆப் வேண்டாம், கையில் எண்ணெயும் கூலன்ட்டும் இருக்கும். பட்டன்கள் எட்டுக்கு மேல் போகக் கூடாது: செட்டிங் (அடுத்த ஜாப்புக்கு மெஷினைத் தயார் செய்வது), இன்செர்ட் (வெட்டும் முனை) மாற்றம், மெட்டீரியல் வரவில்லை, முதல் பீஸ் க்யூசி (தரச் சோதனை), பிரேக்டவுன், ஆள் இல்லை, கரன்ட் இல்லை, மற்றவை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆப்பரேட்டர்கள் இருந்தால் இந்தியிலும் எழுதி, பக்கத்தில் படமும் ஒட்டுங்கள்.

'மற்றவை' பட்டன் பத்தில் ஒன்றுக்கு மேல் அமுக்கப்பட்டால் பட்டியலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. ஆப்பரேட்டரிடமே கேட்டு மாற்றுங்கள். 'ஆள் இல்லை' பட்டனைக் கொஞ்சம் கவனமாக அணுக வேண்டும். தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்கும் போன நேரத்தைத் தோண்டிக் கேட்கத் தொடங்கினால், மறுநாளிலிருந்து அந்த நேரமெல்லாம் 'இன்செர்ட் மாற்றம்' என்று பதிவாகும். அதன்பின் இன்செர்ட் கணக்கும் பொய்யாகிவிடும்.

கணக்கு

மெஷினின் மொத்தத் திறனை ஒரே எண்ணில் சொல்லும் ஓஇஇ கணக்கு, ஜப்பானின் செய்இச்சி நகாஜிமா வளர்த்தெடுத்த டிபிஎம் என்ற மெஷின் பராமரிப்பு முறையிலிருந்து வந்தது. உதாரணமாக ஒரு ஷிஃப்டை எடுத்துக்கொள்வோம். காலை 8 முதல் மாலை 4.30 வரை 510 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, டீக்கு 10 நிமிடமாக இருமுறை. மிச்சம் 460 நிமிடம்.

நின்ற நேரம்: செட்டிங் 55, மெட்டீரியலுக்குக் காத்திருந்தது 40, முதல் பீஸ் க்யூசி 27, இன்செர்ட் 18. மொத்தம் 140. ஓடியது 320 நிமிடம். 320-ஐ 460-ஆல் வகுக்க 69.6 சதவீதம், இது கிடைத்த நேரம். ஏற்றி இறக்குவதையும் சேர்த்து ஒரு பீஸுக்கு 4 நிமிடம், வந்தது 70 பீஸ். 280-ஐ 320-ஆல் வகுக்க 87.5 சதவீதம், இது வேகம். 70-ல் 67 ஓகே, 95.7 சதவீதம், இது தரம். மூன்றையும் பெருக்கினால் 58.3 சதவீதம். சரிபார்க்க ஒரு குறுக்குவழி: ஓகே பீஸ் 67-ஐ 4 நிமிடத்தால் பெருக்கி 460-ஆல் வகுத்தாலும் அதே விடை வர வேண்டும்.

வேகம் 100-ஐத் தாண்டினால் சைக்கிள் டைம் தாராளமாக எழுதப்பட்டிருக்கிறது, அதைத் திருத்துங்கள். உலகத் தரம் 85 சதவீதம் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுப் பதற வேண்டாம். ஒரே பீஸை மாதக் கணக்கில் ஓட்டும் லைனையும், நாளுக்கு மூன்று செட்டிங் போடும் ஜாப் ஒர்க் பட்டறையையும் ஒரே அளவுகோலில் வைப்பது நியாயம் இல்லை. போன மாதத்து உங்கள் எண்ணோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள்.

காலையில் பத்து நிமிடம்

பொருத்திய முதல் மூன்று வாரம் டார்கெட் வைக்காதீர்கள். பதிவு சரியாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அதன்பின் தினமும் காலையில் மெஷின் பக்கத்திலேயே நின்றபடி பத்து நிமிடம் பேசுங்கள். ஓனர், சூப்பர்வைசர், ஆப்பரேட்டர், க்யூசி, ஸ்டோர்ஸ் ஆள் எல்லோரும் இருக்க வேண்டும். நேற்று அதிக நேரம் தின்ற மூன்று காரணங்கள், யார் எதை எப்போதுக்குள் சரிசெய்வார் என்று ஒயிட் போர்டில் எழுதுங்கள். 'ஏன் மெஷினை நிறுத்தினாய்' என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். 'உனக்கு எது வந்து சேரவில்லை' என்று கேட்டால் பதில் வரும். மேலே சொன்ன உதாரணத்தில் நின்ற 140 நிமிடத்தில் 67 நிமிடம் மெட்டீரியலுக்கும் க்யூசிக்கும் காத்திருந்தது. அதில் ஆப்பரேட்டர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஸ்டோர்ஸும் க்யூசியும் அந்த வட்டத்தில் நிற்க வேண்டியது இதனால்தான்.

இந்த எண்ணை இன்சென்டிவோடு கட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜாப் மாட்டாமலே புரோகிராமை ஓட்டுவார்கள், பச்சை எரிந்துகொண்டே இருக்கும். ஃபீட் ஓவர்ரைடை (கட்டிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) 80 சதவீதத்துக்குக் குறைத்து வைப்பார்கள், நிறுத்தம் குறைந்ததாகத் தெரியும், பீஸ் குறையும். பச்சை நேரம் ஏறி, பீஸ் எண்ணிக்கை ஏறாமல் இருந்தால் இந்த இரண்டையும் பாருங்கள். தப்பை முதலில் டார்கெட்டில் தேடுங்கள்.

பெரும்பாலான ஜாப் ஒர்க் பட்டறைகளில் பட்டியலின் உச்சியில் செட்டிங்தான் வந்து நிற்கும். ஜப்பானிய இன்ஜினியர் ஷிகேயோ ஷிங்கோ 1969-ல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ்ஸின் டை (அச்சு) மாற்றும் நேரத்தை நான்கு மணி நேரத்திலிருந்து 90 நிமிடத்துக்கும், பின்னர் 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். அவருடைய வழி நம் பட்டறைக்கும் அப்படியே பொருந்தும்: மெஷின் நின்றால் மட்டுமே செய்ய முடிகிற வேலைகளையும், மெஷின் ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலைகளையும் பிரித்து எழுதுங்கள். ஒரு செட்டிங்கை முழுதாக வீடியோ எடுத்துப் பார்த்தால், ஆலன் கீ தேடுவதும் சாஃப்ட் ஜா (ஜாப்பைப் பிடிக்கும் தாடை) எடுத்து வருவதும் டிராயிங் கேட்டு ஆஃபீஸுக்கு நடப்பதும் எவ்வளவு நேரம் என்று கண்ணெதிரே தெரியும். அடுத்த ஜாப்பின் டூல், ஜா, டிராயிங், கேஜ் அனைத்தும் ஒரு டிராலியில் முந்தைய ஜாப் ஓடும்போதே வந்து நிற்கட்டும்.

மாதக் கடைசியில் பதிவுகளை சிஎஸ்வி ஃபைலாக எடுத்து ஏஐ கருவியிடம் தொகுக்கச் சொல்லலாம். எந்த ஜாப்புக்கு எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை அது வேகமாகக் காட்டும். கூட்டலை மட்டும் எக்செலில் சரிபார்த்துவிடுங்கள். கஸ்டமரின் பெயர், பார்ட் நம்பர், டிராயிங் எதையும் ஏற்றாதீர்கள். ரகசிய ஒப்பந்தம் இருந்தால் அது மீறல்.

கொட்டேஷனுக்கு இந்த எண் போக வேண்டும்

மேலே உள்ள உதாரணத்தில் மெஷின் மணிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 4 நிமிட பீஸுக்கு 26 ரூபாய் 67 காசு என்று கொட்டேஷன் போகும். ஆனால் 460 நிமிடத்தில் கிடைத்த ஓகே பீஸ் 67. ஒன்றுக்கு 6.87 நிமிடம், அதாவது 45 ரூபாய் 77 காசு. இந்த இடைவெளியில்தான் ஓய்வில்லாமல் ஓடும் பட்டறையும் மாதக் கடைசியில் கையில் காசில்லாமல் நிற்கிறது.

முழு இடைவெளியையும் கஸ்டமர் தலையில் வைக்க முடியாது. செட்டிங்கைத் தனி வரியாகப் பிரித்து பேட்ச் அளவால் வகுத்துக் கேளுங்கள். 50 பீஸ் ஆர்டருக்கும் 500 பீஸ் ஆர்டருக்கும் ஒரே ரேட் சொல்ல முடியாது என்பதற்கு அப்போது உங்களிடம் ஆதாரம் இருக்கும். மெட்டீரியலும் க்யூசியும் தின்ற நேரம் உங்களுடையது, அதை உள்ளேயே குறைக்க வேண்டும். டெலிவரி தேதியையும் 4 நிமிடத்தை வைத்துச் சொல்லாமல் 6.87-ஐ வைத்தே சொல்லுங்கள். ஒரே ஜாப் மூன்று முறை ஓடிய பிறகு கிடைக்கும் சராசரியை அதன் கோப்பில் எழுதி வையுங்கள். பேட்ச் அளவோ ஃபிக்சரோ (ஜாப்பைப் பிடித்துவைக்கும் அமைப்பு) மாறினால் அதை அடித்துவிட்டு மறுபடி எடுங்கள்.